தூங்கி எழுந்த லேப்டாப்

காலையில் மூடியைத் திறக்கிறீர்கள். நேற்றிரவு பாதியில் விட்ட கடிதம் விட்ட வரியிலேயே நிற்கிறது. மவுஸை அசைத்தால் அம்பு நகர்கிறது. ஆனால் பாட்டைப் போட்டால் சத்தம் இல்லை. அல்லது இதற்கு நேர்மாறு: உள்ளே விசிறி ஓடுகிறது, செய்தி வந்ததற்கான மணிகூடக் கேட்கிறது, திரை மட்டும் இருட்டு. உடனே மனசு கணக்குப் போடத் தொடங்குகிறது. ஸ்பீக்கர் போச்சா, டிஸ்ப்ளே போச்சா, எத்தனை ஆயிரம் ஆகும்?

பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. நேற்று வேலை செய்து, இரவு தூங்கி, காலையில் எழுந்ததும் ஊமையாகிவிட்ட லேப்டாப்பில் உடைந்திருப்பது பொருள் அல்ல; ஓர் ஒப்பந்தம். அது என்ன ஒப்பந்தம் என்று தெரிந்துகொண்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி. தெரியாவிட்டால், இல்லாத நோய்க்கு வைத்தியச் செலவு.

மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. மலையாளத்தில் ‘தூக்கம்’ என்றால் எடை. மிளகும் சுக்கும் ஏலக்காயும் மூட்டை மூட்டையாக எடை போடப்படும் இந்த ஊரில், ‘தூக்கத்துக்கு அப்புறம் லேப்டாப் சரியில்லை’ என்றால் கடைக்காரர் தராசைத்தான் திரும்பிப் பார்ப்பார். ‘உறக்கம்’ என்று சொல்ல வேண்டும். நல்ல பழந்தமிழ்ச் சொல்தான். நாம் எழுத்துக்கு ஒதுக்கிவிட்டோம், அவர்கள் பேச்சில் வைத்திருக்கிறார்கள்.

சொல்லைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. குழப்பமே சொல்லில்தான் ஆரம்பிக்கிறது. லேப்டாப்பின் மெனுவில் ‘ஸ்லீப்’ என்று ஒன்று, ‘ஹைபர்நேட்’ என்று ஒன்று, ‘ஷட் டவுன்’ என்று ஒன்று, ‘ரீஸ்டார்ட்’ என்று ஒன்று. முதல் இரண்டும் தூக்கம், மூன்றாவது மரணம், நான்காவது மறுபிறவி என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மை அப்படி இல்லை.

‘ஸ்லீப்’ என்பது திருமாலின் அறிதுயில் போல. கண் மூடியிருக்கும், நினைவு இருக்கும். செய்துகொண்டிருந்த வேலை முழுவதும் நினைவகத்தில், அதாவது ராம் என்கிற சில்லுகளில், அப்படியே இருக்கிறது. அந்தச் சில்லுகளுக்கு மட்டும் பேட்டரியிலிருந்து சொட்டுச் சொட்டாக மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். மூடியைத் திறந்தால் ஓரிரு விநாடியில் எழுந்துவிடும். பேட்டரி அடியோடு தீர்ந்தால் நினைவும் போய்விடும்.

‘ஹைபர்நேட்’ வேறு. லத்தீனில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த வார்த்தை இது; விலங்குகளின் குளிர்காலத் தூக்கத்துக்கு வைத்த பெயர். ஆனால் குகையில் படுத்திருக்கும் கரடிக்கு மூச்சு இருக்கிறது, இதயம் மெல்லத் துடிக்கிறது. ஹைபர்நேட் ஆன லேப்டாப்புக்கு அதுவும் இல்லை. ராமில் இருந்ததையெல்லாம் டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதி வைத்துவிட்டு இயந்திரம் முழுவதுமாக அணைந்துவிடுகிறது. விண்டோஸ் இதற்காக ராம் அளவில் சுமார் 40 சதவிகிதத்தை டிஸ்க்கில் ஒதுக்கி வைத்திருக்கிறது. 16 ஜிபி ராம் என்றால் 6 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. பேட்டரியைக் கழற்றி ஒரு மாதம் வைத்தாலும் பாதகமில்லை.

இது தூக்கம் அல்ல, கடையடைப்பு. சரக்குக் கடைக் கணக்குப்பிள்ளை இரவில் பேரேட்டை எழுதி முடிக்கிறார்: இன்ன மூட்டை இன்ன இடத்தில், தராசு மேஜைமேல், விளக்கு எரிகிறது. பிறகு விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார். காலையில் வருகிறவர் பேரேட்டை மட்டும் பார்க்கிறார். விளக்கு எரிகிறது என்று எழுதியிருக்கிறது; எரிவதாகவே எண்ணி இருட்டில் வேலையைத் தொடங்குகிறார். நம் லேப்டாப்புக்கு நடப்பதும் இதுதான்.

கம்ப்யூட்டரின் உள்ளே ஒலிக்கு ஒரு சில்லு, படத்துக்கு ஒரு சில்லு, வை-ஃபைக்கு ஒரு சில்லு என்று தனித்தனியாக உண்டு. ஒவ்வொன்றும் தனக்கென்று சில சின்னச் சின்ன அமைப்புகளை வைத்திருக்கிறது: சத்தம் எவ்வளவு, எந்தத் துவாரம் வழியாகப் போக வேண்டும், திரைக்கு எந்த வேகத்தில் படம் அனுப்ப வேண்டும் என்பது போல. மின்சாரம் நின்றதும் இவை அத்தனையும் அழிந்துவிடும். டிஸ்க்கில் எழுதிவைத்த கோப்பில் இருப்பது ராமின் நினைவு மட்டுமே. எழுந்த பிறகு, மறந்துபோன சில்லுகளுக்கு அவற்றின் அமைப்புகளை மறுபடி சொல்லிக்கொடுப்பது ‘டிரைவர்’ என்கிற சாஃப்ட்வேரின் பொறுப்பு. அதுதான் ஒப்பந்தம். டிரைவர் ஒரு வரியை விட்டுவிட்டால்கூட அந்தச் சில்லு ஊமை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஏபிஎம் என்றொரு முறையைக் கொண்டுவந்தன. அதில் தூங்க வைப்பது, எழுப்புவது எல்லாம் பெரும்பாலும் பயாஸின் வேலை. 1996 டிசம்பரில் இந்த இரண்டு நிறுவனங்களோடு தோஷிபாவும் சேர்ந்து ஏசிபிஐ என்ற புதிய விதிகளை வெளியிட்டன. பொறுப்பு பயாஸிடமிருந்து ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறியது. பயாஸ் எழுதுகிறவர் ஒருவர், ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுகிறவர் இன்னொருவர், ஒலிச் சில்லுக்கு டிரைவர் எழுதுகிறவர் மூன்றாமவர், இவற்றையெல்லாம் ஒரு பெட்டிக்குள் வைத்து விற்கிறவர் நான்காமவர். நால்வரும் ஒத்துப்போனால்தான் காலையில் பாட்டு.

ஒலியும் படமும்தான் ஏன் அடிக்கடி மாட்டிக்கொள்கின்றன? பல லேப்டாப்களில் உள்ள ஒலி ஏற்பாடு இன்டெல் 2004இல் வகுத்தது. அதில் கட்டுப்படுத்தும் பகுதி ஒன்று, ஒலியை உண்டாக்கும் பகுதி வேறொன்று. ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையரும் உண்டு. எழுந்த பிறகு இந்த ஆம்ப்ளிஃபையரைத் திறந்துவிட டிரைவர் மறந்தால், திரையில் ஒலியளவுக் கோடு துள்ளிக்கொண்டிருக்கும், காதுக்கு ஒன்றும் வராது. படத்தின் கதை இன்னும் சிக்கல். திரையும் கிராபிக்ஸ் சில்லும் எந்த வேகத்தில் பேசிக்கொள்வது என்று ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவு செய்துகொள்கின்றன. அந்தப் பேச்சுவார்த்தை முறிந்தால் திரை இருட்டு. திரைக்குப் பின்னால் எரியும் வெளிச்சத்துக்குத் தனிச் சுவிட்ச் வேறு.

இனி என்ன செய்வது என்று பார்க்கலாம். முதலில் திரை.

இருட்டாக இருந்தால் ‘கேப்ஸ் லாக்’ பொத்தானைத் தட்டுங்கள். அதில் விளக்கு இருந்து, அது எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது, திரைதான் விழிக்கவில்லை. விண்டோஸ் 10, 11 என்றால் விண்டோஸ் சின்னம் உள்ள பொத்தான், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு ‘பீப்’ ஒலியோடு திரை சிமிட்டும். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாக ஆரம்பிக்கும். திறந்து வைத்த கடிதம் அழியாது. அதற்கும் மசியவில்லையானால், டார்ச் விளக்கைத் திரையின்மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் படம் இருக்கிறது, பின்வெளிச்சம்தான் இல்லை. வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். வீட்டில் டிவி இருந்தால் எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து, விண்டோஸ் பொத்தானோடு பி எழுத்தை அழுத்தி, எந்தத் திரை என்று மாற்றிப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் கிராபிக்ஸ் சில்லு நலம்.

அடுத்து ஒலி. திரையின் வலது மூலையில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு, ஒலி எங்கே போகிறது என்று பாருங்கள். முந்தின நாள் டிவியோடு இணைத்திருந்து, இரவில் கேபிளைக் கழற்றியிருந்தால், இல்லாத டிவிக்கே லேப்டாப் இன்னமும் பாடிக்கொண்டிருக்கலாம். பேரேட்டில் டிவி இருக்கிறதே! ‘ஸ்பீக்கர்ஸ்’ என்று மாற்றினால் போதும். அதுவல்ல என்றால், ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்து, பட்டியலில் ‘விண்டோஸ் ஆடியோ’ என்பதை வலது கிளிக் செய்து ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ‘டிவைஸ் மேனேஜர்’ போய், ஒலிச் சாதனத்தை ஒருமுறை ‘டிஸேபிள்’ செய்து மறுபடி ‘எனேபிள்’ செய்யுங்கள். டிரைவரைத் தட்டியெழுப்பி, பாடத்தை மீண்டும் சொல்லிக்கொடுக்க வைப்பதுதான் இது.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே நோய், இதே மருந்து. திரை வரவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், பிறகு எஃப்1 அல்லது எஃப்2 கொண்டு திரும்பி வந்தால் பல நேரம் படம் வந்துவிடும். ஒலிக்கு, இப்போதைய பதிப்புகளில் உள்ள பைப்வயர் சேவையை மட்டும் மறுபடி தொடங்கினால் போதும். ஹைபர்நேட் ஒழுங்காக எழும் என்று நம்ப முடியாது என்பதால் உபுண்டு 2012இல் வெளியிட்ட 12.04 பதிப்பில் அந்த வசதியையே மெனுவிலிருந்து மறைத்து வைத்தது. நேர்மையான முடிவு.

இதையெல்லாம் செய்தும் பலிக்காதபோது ரீஸ்டார்ட். இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் பக்கத்து வீட்டு பி.காம் மாணவி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ‘அக்கா, நாலு நாளா சத்தமே வரலை. எறணாகுளத்துல கடையில காட்டினோம். போர்டு மாத்தணுமாம், எட்டாயிரமாம்’ என்றாள். அணைத்துப் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன். ‘பத்து தடவை ஷட் டவுன் பண்ணிப் பண்ணிப் போட்டேன்க்கா.’ ரீஸ்டார்ட்? ‘ரெண்டும் ஒண்ணுதானே?’

ஒன்றல்ல. 2012இல் வந்த விண்டோஸ் 8லிருந்து ‘ஷட் டவுன்’ முழு ஷட் டவுன் அல்ல. கம்ப்யூட்டர் சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காக, திறந்திருக்கும் புரோகிராம்களை மட்டும் மூடிவிட்டு, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உட்பகுதியையும் டிரைவர்களையும் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் அது அணைகிறது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்று பெயர். அதாவது அரை ஹைபர்நேட். குழம்பிப்போன டிரைவரும் குழப்பத்தோடு பத்திரமாகச் சேமிக்கப்பட்டு, காலையில் அதே குழப்பத்தோடு திரும்பி வரும். பத்து முறை அல்ல, நூறு முறை அணைத்தாலும் அதே பேரேடுதான். ‘ரீஸ்டார்ட்’ மட்டுமே பேரேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் முழுமையாக அணையும். அந்தப் பெண் என் எதிரிலேயே ரீஸ்டார்ட் கொடுத்தாள். விண்டோஸ் திறக்கும் முன்பே அவளுடைய அம்மா, ‘எட்டாயிரத்தை எடுத்து வச்சிருந்தேன்’ என்றார். சத்தம் வந்தது.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவரும் பத்து முறை அணைத்துப் போட்டுப் பார்த்திருக்கலாம். அணைப்பது என்ற சொல்லின் பொருள் மாறிவிட்டது. மாறியதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

அடிக்கடி இந்தத் தொல்லை வருகிறவர்கள் ‘கன்ட்ரோல் பேனல்’ போய், ‘பவர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்பதை எடுத்துவிடலாம். திறக்கச் சில விநாடிகள் கூடுதலாகும், அவ்வளவுதான். ஒலி, கிராபிக்ஸ் டிரைவர்களின் புதிய பதிப்பை லேப்டாப் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து, மாடல் பெயரைப் பார்த்து எடுங்கள். ‘உங்கள் டிரைவர்களையெல்லாம் இலவசமாகப் புதுப்பிக்கிறோம்’ என்று கூவுகிற புரோகிராம்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பயாஸைப் புதுப்பிப்பதும் சில மாடல்களில் இந்த நோயைத் தீர்க்கும். ஆனால் அதைப் பேட்டரி நிறைந்து, சார்ஜரும் செருகியிருக்கும்போதுதான் செய்ய வேண்டும். எடவப்பாதி மழையில் கரன்ட் போய் வருகிற நாளில் வேண்டவே வேண்டாம். பாதியில் நின்றால் அப்போதுதான் நிஜமாகவே போர்டு போகும்.

நிஜமாகவே பழுதான லேப்டாப்பும் உண்டு. அதைப் பிரித்தறிய ஒரு சுலபமான வழி: விண்டோஸோ லினக்ஸோ திறப்பதற்கு முன்னால், நிறுவனத்தின் சின்னம் தெரிகிற கட்டத்திலேயே திரை இருட்டாகவோ கோடு கோடாகவோ இருந்தால் டிரைவரைக் குற்றம் சொல்ல முடியாது. மூடியை ஒரு கோணத்தில் சாய்த்தால் படம் வருகிறது, இன்னொரு கோணத்தில் மறைகிறது என்றால் கீல் வழியாகப் போகும் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். காயலோரத்து உப்புக்காற்றும் ஈரமும் இணைப்புகளை அரிக்கக்கூடியவை என்பதையும் மறக்கக் கூடாது. ரீஸ்டார்ட் ஆன பிறகும் சத்தம் இல்லை, ஹெட்போனில் வருகிறது, ஸ்பீக்கரில் மட்டும் வரவில்லை என்றால் ஸ்பீக்கரைப் பார்க்கச் சொல்லலாம். இவ்வளவையும் சோதித்துவிட்டு, இன்னது செய்தேன், இன்னது நடந்தது என்று சொல்லிக்கொண்டு கடைக்குப் போனால் நல்ல மெக்கானிக் உங்களை மதிப்பார். மற்றவர் கொஞ்சம் யோசிப்பார்.

கேரளத்தில் இந்த அறிவைப் பள்ளிக்கூடத்திலேயே கொடுக்க ஒரு முயற்சி நடக்கிறது. அரசின் கைட் நிறுவனம் உயர்நிலை, மேல்நிலை வகுப்பறைகள் 45,000க்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் கொடுத்தது. 2020 அக்டோபர் 12ஆம் தேதி, பொதுக் கல்வி முழுவதையும் டிஜிட்டல் ஆக்கிய முதல் மாநிலம் என்று கேரளம் தன்னை அறிவித்துக்கொண்டது. இந்தக் கம்ப்யூட்டர்களில் ஓடுவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கைட்டே தொகுத்த கட்டற்ற மென்பொருள். புரொஜெக்டரோடு இணைத்த லேப்டாப் இரண்டு பீரியடுகளுக்கு நடுவே தூங்கி எழுந்தால் என்னென்ன கோளாறு வரும் என்று இதற்குள் உங்களுக்கே புரிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் பட்டணத்திலிருந்து ஆள் வர முடியுமா? 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் மன்றங்களைத் தொடங்கினார்கள். அனிமேஷன், புரோகிராமிங் இவற்றோடு ஹார்ட்வேரும் அங்கே பாடம். பொருளைக் கொடுத்ததோடு நிற்காமல், அதைப் பார்த்துக்கொள்ளும் கையையும் பழக்கப் பார்த்தார்கள். பாராட்ட வேண்டிய விஷயம் இதுதான்.

தமிழ்நாட்டின் கணக்கு இதைவிடப் பெரியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் லேப்டாப் பெற்றார்கள். 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்தார்கள். பல வீடுகளில் அந்தத் தலைமுறையின் முதல் கம்ப்யூட்டர் அது. ‘சத்தம் போச்சு’ என்று பரண்மேல் ஏறிவிட்டால் இரண்டாவது ஒன்று வராது. கடைக்காரர் கேட்கிற எட்டாயிரம், கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் பல வாரச் சம்பளம்.

ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமை பற்றி மத்திய அரசும் பேசுகிறது. 2022 டிசம்பரில் அதற்கென்று ஓர் இணையதளமே திறந்தார்கள். விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள் அதில் உண்டு. நல்ல காரியம். ஆனால் உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்று தெரிவதற்கு முன்னால், உதிரிப் பாகம் தேவையா என்று தெரிய வேண்டுமே. அந்த உரிமை மொழியில் இருக்கிறது. புரியாத சொற்களில் பேசும் இயந்திரத்தை உரிமையோடு திறக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அதனால் ஒரு சின்ன யோசனை. அடுத்த முறை அரசோ வங்கியோ நிறுவனமோ ஒரு லேப்டாப்பைக் கையில் கொடுக்கும்போது, உள்ளே ஒரே ஒரு தாளைத் தமிழில் அச்சடித்துப் போடட்டும். வாழ்த்துரை வேண்டாம், படம் வேண்டாம். நாலு வரி போதும். ஸ்லீப் என்றால் என்ன, ஹைபர்நேட் என்றால் என்ன, ஷட் டவுன் ஏன் முழுதாக அணைவதில்லை, கடைக்குப் போகும் முன் ஏன் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். அந்தத் தாளுக்கு ஆகும் செலவு ஒரு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.